பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

கயத்தாறிலிருந்து ஒரு பழைய மாணவன்
(பி.எஸ்ஸி. விலங்கியல், 1974–77)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை ஹாஸ்டல் கதை, மெஸ் சாம்பார் கதையெல்லாம் வேண்டாம், பிள்ளைகள் படித்தாலும் பிரயோஜனமாக இருக்கிற மாதிரி யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று கேட்டுக்கொண்டார்கள். யாரைப் பற்றி எழுதுவது என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. எழுத வேண்டியது ஒரு பழைய கடன். அதை இப்போதாவது தீர்க்கிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். விலங்கியல் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்ஷனில் உட்கார்ந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் அட்மிஷன் ரிஜிஸ்டர், கேஸ் ஷீட், பிறப்பு இறப்புக் கணக்கு, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் இவைதான் என் உலகம். கத்திக் குத்தோ, துப்பாக்கிக் காயமோ வந்தால் ஏ.ஆர். புத்தகத்தில் எழுதாமல் ஒரு தையல்கூடப் போட விடமாட்டோம். உடனே போலீசுக்குத் தகவல் போகும். எழுதினதுதான் நடந்தது, எழுதாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் செக்ஷனின் வேதம். அந்த வேதத்தை நான் வீட்டுக்கும் கொண்டுபோனேன். அதில்தான் தப்பு நடந்தது.

எங்க ஊரும் எங்க ஆச்சியும்

கயத்தாறு என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது கட்டபொம்மன். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி மேஜர் பானர்மேன் அவரைத் தூக்கில் போட்ட ஊர். வெள்ளைக்காரன் அதைக் கடிதமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினான். அது அரசாங்க ஆவணம். நம்ம ஜனங்கள் எழுதவில்லை. அந்த இடத்தைக் கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். கல் சேர்ந்து குவியல் ஆயிற்று. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அங்கே இடம் வாங்கிச் சிலை வைத்தது 1970-ல்தான். அதுவரைக்கும் நினைவைக் காப்பாற்றினது கல்லும் வாய்வார்த்தையும்தான்.

எங்க ஆச்சி, அதாவது அப்பாவைப் பெற்றவள், மலாயாவில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவள். பேராக் மாநிலத்தில் பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் தாத்தாவும் அவளும் பால் வெட்டினார்கள். எங்க அப்பா பிறந்ததும் அங்கேதான். 1943-ல் சயாம் ரயில் பாதை வேலைக்கு என்று தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஆச்சி 1946-ல் அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, அங்கிருந்து கயத்தாறு வந்து சேர்ந்தாள்.

சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே சப்பான்காரன் காலத்துக் கதை சொல்வாள். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்றது, வாழை மரம் அச்சடித்த நோட்டு செல்லாக் காசாகப் போனது எல்லாம் அதில் வரும். அடிக்கடி வருகிற இன்னொரு ஆள், ஈப்போ கார்த்திகேசு டாக்டர் வீட்டம்மா. சீனப் பையன்களுக்குக் காட்டிலிருந்து வந்தால் ராத்திரியில் மருந்து போட்டார், சப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோய் முதுகெலும்பை முறித்தான், பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே நெருப்புக்கு மேலே தொங்கவிட்டான், அப்படியும் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள்.

எனக்கு அப்போது வேலை கிடைத்து மூன்று வருஷம். ரிஜிஸ்டர் மிதப்பு. இதுக்கெல்லாம் ஆதாரம் என்ன ஆச்சி, எதில் எழுதியிருக்கு என்று கேட்டுவிட்டேன். அதோடு விட்டேனா, தாத்தா சயாமுக்குப் போனதற்குக்கூடத்தான் காகிதம் ஒன்றும் இல்லையே என்று சிரித்தேன். ஆச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு மலாயா பேச்சை அவள் என்னிடம் எடுக்கவே இல்லை. 1986-ல் காலமானாள்.

அந்த டாக்டர் வீட்டம்மா யார் என்று நான் தேடிப் படித்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். ஆச்சி சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை.

யார் இந்த அம்மையார்?

பெயர் சிபில் கார்த்திகேசு. மலேசியாவில், அதிலும் ஈப்போவில், இந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. 1899 செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராத் தீவில் மேடான் நகரத்தில் பிறந்தவர். அப்பா ஜோசப் டேலி, ஐரிஷ் கலப்பு வம்சத்துத் தோட்டக்காரர். அம்மா பிரெஞ்சுக் கலப்பு வம்சம், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பிறந்த ஊர்ப் பெயரையே மகளுக்கு நடுப்பெயராக வைத்தார்கள். சிபில் மேடான் டேலி என்பதுதான் முழுப்பெயர். தாயைப் போலவே மகளும் நர்சிங்கும் பிரசவ மருத்துவமும் முறையாகப் பயின்றார். சீனர்கள் பேசுகிற கான்டனீஸ் மொழி சரளமாக வரும். பின்னால் இந்தப் பாஷைதான் அவருக்கு ஆயிரம் வாசலைத் திறந்தது.

1919-ல் கோலாலம்பூரில் கல்யாணம். மாப்பிள்ளை தைப்பிங்கில் பிறந்த தமிழர். ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்பது பிறந்த பெயர். டாக்டருக்குப் படித்தவர். மதம் வேறு என்பதால் பெண் வீட்டில் முதலில் சம்மதிக்கவில்லை. அவர் கத்தோலிக்கராகி ஆப்டன் கிளெமென்ட் கார்த்திகேசு ஆனார். அந்த வருஷமே பிறந்த முதல் ஆண் குழந்தை மைக்கேல் ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அந்த வேதனையில் வில்லியம் என்ற பையனை எடுத்து வளர்த்தார்கள். பிறகு 1921-ல் ஓல்கா, 1936-ல் டான் என்று இரண்டு பெண்கள்.

1926-லிருந்து ஈப்போவில் புரூஸ்டர் ரோடு 141-ஆம் நம்பர் வீட்டில் கணவனும் மனைவியும் டிஸ்பென்சரி நடத்தினார்கள். கணவர் டாக்டர், மனைவி நர்சு, மருத்துவச்சி எல்லாம். ஈயச் சுரங்கத்துச் சீனர், ரப்பர் தோட்டத்துத் தமிழர், கம்பத்து மலாய்க்காரர் என்று எல்லா வகை ஜனங்களும் வந்து போகிற இடம். போர் மட்டும் வராமல் இருந்திருந்தால், ஊரில் நல்ல பெயரெடுத்த ஒரு டாக்டர் குடும்பம் என்பதோடு இந்தக் கதை முடிந்திருக்கும்.

பப்பான் வீட்டுப் பின்வாசல்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் ஈப்போ மேல் குண்டு விழுந்தது. மாதக் கடைசிக்குள் ஈப்போ ஜப்பான் கையில். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்துவிட்டது. கார்த்திகேசு குடும்பம் ஈப்போ விழுவதற்குச் சில நாள் முன்னால் பக்கத்தில் இருந்த பப்பான் என்ற சின்ன ஊருக்குப் போய்விட்டது. பப்பான் என்றால் மலாய் மொழியில் பலகை என்று அர்த்தம். ஈயச் சுரங்கம் சார்ந்த சீனர் ஊர். மெயின் ரோட்டில் 74-ஆம் நம்பர் கடை வீடு. முன்னால் வைத்தியம், உள்ளே குடித்தனம், பின்னால் காய்கறித் தோட்டம், அதையும் தாண்டினால் காடு.

அந்தக் காட்டில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை இருந்தது. பெரும்பாலும் சீன இளைஞர்கள், கம்யூனிஸ்டுத் தலைமை. ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த காலம் அது. தப்பித்த பையன்கள் காட்டுக்குள் போய்த் துப்பாக்கி எடுத்தார்கள். காயம், மலேரியா, ஆறாத புண், குண்டடி என்று வந்தால் எங்கே போவது? அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் நேரே ஜெயில். அதனால் இருட்டினபின் 74-ஆம் நம்பர் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்கள். சிபில் அம்மையார் மருந்து போட்டார், கட்டுக் கட்டினார். கணவரும் வளர்ப்பு மகன் வில்லியமும் கூட நின்றார்கள். பகலில் முன்வாசல் வழியாக ஊர்க்காரருக்கு வைத்தியம், ராத்திரியில் பின்வாசல் வழியாகக் காட்டுக்காரருக்கு வைத்தியம்.

இதோடு இன்னொரு காரியமும் செய்தார். வீட்டில் சிற்றலை ரேடியோ ஒன்றை ஒளித்து வைத்து பி.பி.சி. செய்தி கேட்டார். ரேடியோவுக்கு ஜோசஃபின் என்று ஒரு பெண் பெயர் வைத்திருந்தார்கள், பேச்சுவாக்கில் யார் காதிலாவது விழுந்தாலும் சந்தேகம் வராமல் இருக்க. ரேடியோ வைத்திருந்தால் தலை போகும் என்பது அன்றைய சட்டம். ஆனாலும் கேட்ட செய்தி காட்டுக்கும் போயிற்று, ஊருக்குள்ளும் பரவியது. ஜப்பான் தோற்றுக்கொண்டு வருகிறது என்ற ஒரு வரிச் செய்தி, சோறில்லாமல் கிடந்த ஜனங்களுக்கு மருந்து மாதிரி இருந்திருக்கும்.

கார்டு உள்ள நர்சுகளும் கார்டு இல்லாத நர்சும்

இங்கே ரெக்கார்டு செக்ஷன்காரன் புத்தி குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழே 90,000-க்கும் மேற்பட்டவர்கள் தொண்டு செய்தார்கள். வீட்டை விட்டே வெளியே வராத பெண்கள்கூட நர்சாகப் போனார்கள். பிரான்சில் போர்முனைக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். இவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கார்டு. பெயர், விலாசம், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேரம் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். துப்பறியும் கதை எழுதின அகதா கிறிஸ்டிக்கும் கார்டு உண்டு. டார்க்கீ ஊர் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் 3,400 மணி நேரம் உழைத்தார், பிறகு மருந்து கலக்கும் வேலைக்கு வருஷத்துக்கு 16 பவுண்டு சம்பளம் வாங்கினார் என்று அந்தக் கார்டு சொல்கிறது. நூறு வருஷம் கழித்தும் கணக்கு சுத்தமாக இருக்கிறது. பார்த்தவுடன் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அப்புறம் பப்பானை நினைத்தேன். அந்தப் பின்வாசலில் அம்மையார் எத்தனை மணி நேரம் நின்றார்? எந்தெந்தப் பையனுக்கு எந்தத் தேதியில் எங்கே குண்டு எடுத்தார்கள்? அதற்கு ஒரு ரிஜிஸ்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் கையில் அது கிடைத்திருந்தால் அத்தனை பேருக்கும் அன்றைக்கே சாவு. நான் எந்தக் கணக்கைப் புண்ணியமாக நினைத்து எழுதினேனோ, அதே கணக்கு அங்கே கொலைப் பட்டியல். எழுதாமல் இருந்ததுதான் அங்கே வைத்தியத்தின் பாதி. அவருக்கு ஆம்புலன்ஸும் இல்லை, கார்டும் இல்லை. பெயர்கள் இருந்த ஒரே இடம் அவருடைய மனசு. அதைத்தான் பின்னால் அவர்கள் உடைத்துப் பார்த்தார்கள்.

ஒரு பெயர்கூட வரவில்லை

1943-ன் நடுவில் விஷயம் வெளியே போய்விட்டது. முதலில் கணவரைப் பிடித்தார்கள். அடுத்து நாம்தான் என்பது அம்மையாருக்குத் தெரியும். காட்டுக்குள் போயிருந்தால் அந்தப் பையன்கள் அவரைக் காப்பாற்றியிருப்பார்கள். போகவில்லை. தான் ஓடினால் கணவர், பிள்ளைகள், பப்பான் ஊர்ச் சனம் எல்லார் தலையிலும் விடியும் என்று நினைத்து வீட்டிலேயே இருந்தார். பிடித்துக்கொண்டு போனார்கள்.

கெம்பெய்தாய் சார்ஜென்ட் யோஷிமுரா என்பவர்தான் விசாரணை. அந்தச் சித்திரவதையை எல்லாம் இந்த மலரில் விவரமாக எழுத எனக்குக் கை வரவில்லை. சந்தோஷமாகக் கூடுகிற நாள் இது. அடித்ததில் முதுகெலும்பு சேதமாகி நடக்க முடியாமல் போயிற்று, தாடையில் பட்ட காயம் கடைசிவரை ஆறவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட முடியாது. சின்ன மகள் டானுக்கு அப்போது ஏழு வயசு இருக்கும். அவளைக் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, காட்டுக்காரர்களின் பெயரைச் சொல்கிறாயா இல்லையா என்று தாயைக் கேட்டார்கள். தாய் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாதே அம்மா என்று அந்தப் பிஞ்சே சொன்னதாக வரலாறு. அந்த நேரம் மேலதிகாரி ஒருவர் குறுக்கிட்டதால் குழந்தை உயிர் பிழைத்தது.

இதைப் படித்துவிட்டு என் மனைவி என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள். யாரோ முகம் தெரியாத பையன்களுக்காகப் பெற்ற பிள்ளையை நெருப்புக்குக் கொடுக்கிறதா, அது எப்படித் தாய் என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் பதிலும் இல்லை. ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னாலும் தாய்மார்கள் இருந்தார்கள் என்பது ஒரு பிரசவம் பார்க்கிற பெண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த ஊர்ப் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்த கை அது.

விசாரணையில் மூன்று குற்றம் சாட்டினார்கள்: உளவு பார்த்தது, கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு வைத்தியம் செய்தது, ரேடியோ வைத்து எதிரி ஒலிபரப்பைக் கேட்டது. ஆயுள் தண்டனை. கணவருக்கும் நீண்ட சிறை. பத்து காஜா ஜெயிலில் இருந்தார். எங்க ஆச்சி பால் வெட்டின தோட்டத்திலிருந்து அது ரொம்பத் தூரம் இல்லை. தோட்டத்து ஜனங்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பதக்கமும் அதற்குப் பின்னும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஜெயில் கதவு திறந்தது. அந்த வருஷமே சிகிச்சைக்காக அம்மையாரை விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற விசாரணையில் தூக்குத் தண்டனை கிடைத்தது. வீரச் செயலுக்காகக் கொடுக்கும் ஜார்ஜ் பதக்கம் அம்மையாருக்குக் கிடைத்தது. 1940-ல் ஏற்படுத்தப்பட்ட அந்தப் பதக்கத்தைப் பெற்ற ஒரே மலாயாப் பெண் என்று மலேசியர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

பிரிட்டனில் படுக்கையில் இருந்துகொண்டே தன் அனுபவத்தை எழுதினார். புத்தகம் வெளிவந்தது அவர் போனபின், 1954-ல். பெயர் நோ டிராம் ஆஃப் மெர்சி. பழைய கம்பவுண்டர்களுக்கு டிராம் என்றால் தெரியும். எட்டு டிராம் சேர்ந்தால் ஒரு அவுன்ஸ். மிக்சர் பாட்டிலில் காகிதம் வெட்டி ஒட்டி அளவு குறித்த காலத்துக் கணக்கு. அத்தனை சின்ன அளவுகூடக் கருணை கிடைக்கவில்லை என்று அர்த்தம். மருந்து அளந்தே வாழ்ந்தவருக்கு வேறு எந்தத் தலைப்பு பொருந்தும்?

தாடைக் காயம் விஷமாகி 1948 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் காலமானார். வயசு 48. உடலை அங்கே அடக்கம் செய்து, மறு வருஷம் ஈப்போவுக்குக் கொண்டுவந்து மறுபடி அடக்கம் செய்தார்கள்.

இதில் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அவர் இறந்த அதே ஜூன் மாதத்தில்தான் மலாயாவில் அவசரநிலைப் பிரகடனம் வந்தது. ஜப்பானுக்கு எதிராகச் சண்டை போட்ட அதே காட்டுப் பையன்கள் இப்போது ஆங்கில அரசாங்கத்தின் எதிரிகள். அவர்கள் தலைவர் சின் பெங்குக்கு 1947-ல் கொடுத்த ஓ.பி.இ. பட்டத்தையே திரும்பப் பிடுங்கிவிட்டார்கள். நேற்று வரை அவர்களுக்கு மருந்து போட்டவருக்குப் பதக்கம். இன்றைக்கு யாராவது ஒரு குவளை அரிசி கொடுத்தால் ஜெயில். ஆட்கள் மாறவில்லை, ரிஜிஸ்டரில் தலைப்பு மட்டும் மாறிவிட்டது. அம்மையார் எந்தத் தலைப்பையும் பார்த்து மருந்து போட்டவர் இல்லை.

நம்ம வீட்டுக் கணக்கு

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் உண்டு. ஆச்சியின் தம்பி மலாயாவில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். 1943-ல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை தொடங்கியபோது கேப்டன் லட்சுமி தலைமையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பர்மாவில் மேமியோ ஆஸ்பத்திரியில் காயம்பட்ட வீரர்களுக்கு நர்சு வேலை பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் ஜப்பானோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்தார்கள். இவர் ஜப்பானை எதிர்த்துச் சிதைந்தார். ஒரே வருஷம், ஒரே நாடு. எங்க ஆச்சி நேதாஜி படத்துக்குப் பூவும் வைப்பாள், கார்த்திகேசு டாக்டரம்மாவுக்காகக் கண்ணையும் துடைப்பாள். படித்த எனக்குத்தான் இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரியவில்லை.

2015-ல் பையன் கோலாலம்பூரில் வேலையாக இருந்தபோது ஈப்போ போனேன். அங்கே அம்மையார் பெயரில் தெருவே இருக்கிறது. பப்பான் போய் அந்த 74-ஆம் நம்பர் வீட்டையும் பார்த்தேன். உள்ளூர் மனிதர் ஒருவர் தன் சொந்த முயற்சியில் அதை நினைவிடமாகக் காப்பாற்றி வந்தார். மாடிப்படிக்குக் கீழே ரேடியோ ஒளித்து வைத்த குழியைப் பார்த்தேன். பின்வாசலில் போய் நின்றேன். செடி கொடி மண்டிக் கிடந்தது. அங்கே வந்து போனவர்களின் பட்டியல் எந்தச் சுவரிலும் இல்லை. இல்லாததுதான் அங்கே பார்க்க வேண்டியது என்று எனக்குப் பட்டது.

திரும்பி வரும்போது தாத்தா ஞாபகம். சயாம் ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-லிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். அதில் செத்த போர்க் கைதிகளில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் காஞ்சனாபுரியில் கல்லறை இருக்கிறது, பெயர்ப் பலகையோடு. ஆசியத் தொழிலாளிகள் செத்தது ஏறத்தாழ 90,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. அதில் தமிழர் ஏராளம். அவர்களை வரிசையாக எழுதிவைத்த கல் கிடையாது. அம்மையார் விஷயத்தில் பெயர் எழுதாமல் விட்டது அன்பினால். தாத்தா விஷயத்தில் எழுதாமல் விட்டது அலட்சியத்தினால். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் முப்பது வருஷம் ரிஜிஸ்டர் எழுதியிருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், போன வருஷம், போன இடம். அடுத்த பக்கத்தில் ஆச்சி சொன்ன கதைகளில் எனக்கு நினைவிருக்கிற மட்டும். பாதிதான் தேறியது. மீதியைக் கேட்டு வாங்காமல் வாயை அடைத்தது நான்தானே.

நண்பர்களே, நாம் எல்லாரும் எழுபதை எட்டிவிட்டோம். உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டின பெரியவர் யாராவது இருந்தால், இந்த விழா முடிந்து ஊருக்குப் போனவுடன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆதாரம் மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் சொல்கிறதைத் தேதியோடு, பெயரோடு எழுதி வையுங்கள். எங்க ஊரில் ஜனங்கள் கல் போட்டார்கள்; நமக்கு எழுதப் படிக்கத் தெரியும்.